பழைய மரச்சட்டத்தின் மேலேயே காம்போசிட் டெக் போட்டுத்தருகிறேன் என்பவரிடம் கவனம்

"பராமரிப்பே வேண்டாம், மரம் மாதிரியே அடித்துவிடலாம்" என்று சொல்லித்தான் ஒரு வீட்டு டெக் (வெளியே பலகை பாவிய மேடை) வேலையை ஒப்பந்ததாரர் எடுத்தார். அழுகாமலிருக்க மருந்தேற்றிய மரப் பலகைகளைக் கழற்றிவிட்டு, அதே சட்டத்தின் மேல் காம்போசிட் பலகைகளைப் பொருத்தினார். முதல் கோடையிலேயே பலகைகள் நடுவில் தொய்ந்தன. முனைகள் ஒன்றையொன்று முட்டி மேலே எழும்பின. கேட்டால், பலகை கம்பெனியைக் கைகாட்டுகிறார். கம்பெனியோ, பொருத்திய முறை கையேட்டின்படி இல்லை என்று உத்தரவாதத்தை மறுத்துவிட்டது. பணம் முழுவதும் முன்பே கைமாறிவிட்டது.

இதில் பலகையின் குற்றம் குறைவு. காம்போசிட் என்பது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து வார்த்த பொருள். மரத்தின் விறைப்பு அதற்குக் கிடையாது. வெயிலில் இன்னும் இளகும். தடித்த மரப் பலகைக்குத் தாங்குசட்டங்கள் (பலகைக்கு அடியில் குறுக்கே ஓடும் கட்டைகள்) 600 மி.மீ. இடைவெளியில் இருந்தாலும் தாங்கும். காம்போசிட்டுக்குப் பெரும்பாலான கையேடுகள் அனுமதிப்பது மையத்துக்கு மையம் 400 மி.மீ. மட்டுமே, பலகையைச் சட்டங்களுக்கு 45 டிகிரி கோணத்தில் போட்டால் 300. படிக்கட்டுக்கு இன்னும் நெருக்கம் கேட்கும் கம்பெனிகளும் உண்டு. இங்கே இருந்ததோ 600. ஒவ்வொரு இடைவெளியின் நடுவிலும் ஒரு சட்டம் சேர்த்திருந்தால் 300 ஆகியிருக்கும், தொய்வே வந்திருக்காது. அந்தச் சட்டங்களின் செலவை மறைத்துத்தான் விலையைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்.

அடுத்தது பலகை முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளி. மரம் ஈரத்தில் அகலவாக்கில் உப்பும். காம்போசிட் வெப்பத்தில் நீளவாக்கில் நீளும். 3.6 மீட்டர் பலகை, வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறக்குறைய 4 மி.மீ. நீளும். முனைக்கு முனை இடம் விடாமல் இறுக்கினால், அது போக வழியின்றி மேலே வளையும். குளிர்ந்த வேளையில் பொருத்தினால் முனை இடைவெளி கூடுதலாகவும், நல்ல வெயிலில் பொருத்தினால் குறைவாகவும் விட வேண்டும். வெப்பநிலை வாரியான அட்டவணை கையேட்டிலேயே இருக்கும். அதைப் பார்க்காமல் அளவுகோலை எடுப்பவரை வேலைக்கு வைக்காதீர்கள். இரண்டு முனைகள் சேரும் இடத்தில் ஒரே சட்டத்தில் பாதிப் பாதியாக உட்காரவைப்பதும் தவறு. இரட்டைச் சட்டம் போட்டு ஒவ்வொரு முனைக்கும் தனித் தாங்கல் தர வேண்டும்.

பில்லில் மேலுறையுள்ள (வெளிப்புறம் பிளாஸ்டிக் உறை போர்த்திய) பலகை என்று எழுதி, மேலுறை இல்லாததை இறக்குவதும் நடக்கிறது. அறுத்த முனையைப் பாருங்கள்: மேலுறை இருந்தால் உள்பகுதியைச் சுற்றி வேறு நிறத்தில் மெல்லிய பட்டை தெரியும். அது இல்லாத பலகையில் மரத்தூள் ஈரத்தை இழுத்துப் பூஞ்சைக் கறை பிடிக்கும். மூன்று பக்கம் மட்டும் உறை போட்ட பலகைகளும் உண்டு. அவற்றின் அடிப்பக்கம் காய நல்ல காற்றோட்டம் வேண்டும். தரையோடு ஒட்டிப் போடச் சம்மதிக்காதீர்கள்.

ஸ்க்ரூவிலும் மிச்சம் பிடிக்கிறார்கள். அடிச்சட்டம் செம்பு கலந்த மருந்தேற்றிய மரம் என்றால் சாதா இரும்பு ஸ்க்ரூ சீக்கிரம் அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அல்லது அந்த மரத்துக்கென்றே பூச்சு கொடுத்த ஸ்க்ரூதான் வேண்டும். பழைய சட்டத்தின் மேல்பக்கம் அழுகி மெத்தென்று இருக்கிறதா என்று கூரான கம்பியால் குத்திப் பார்க்காமல் அதன்மேல் புதுப் பலகை ஏறக்கூடாது. காம்போசிட் பலகையையே தாங்குசட்டமாக வைக்கலாம் என்று யாராவது சொன்னால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் தருவதற்கு முன் பலகையின் மாடல் பெயர், சட்ட இடைவெளி, முனை இடைவெளி, ஸ்க்ரூ வகை நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். பலகை ஏறுவதற்கு முன் வெறும் சட்டத்தை டேப் வைத்துப் போட்டோ எடுங்கள். பிறகு வழக்காட அதுவும் நல்ல சான்று. ஒரு பங்குப் பணத்தை அந்த அளவு சரியான பிறகே கொடுங்கள்.

ஏற்கெனவே இப்படி மாட்டியிருந்தால், முட்டும் முனைகளைக் கழற்றிக் கார்பைடு பிளேடால் அறுத்து இடைவெளி விடலாம், நடுவே சட்டம் சேர்க்கலாம். ஆனால் நாள்பட்டுத் தொய்ந்த பலகை நிமிராது. அதை மாற்றத்தான் வேண்டும்.