மாருதி சுசுக்கி ஆல்ட்டோ, 2011: இறக்குமதி நின்றிருந்த காலத்தில் வாங்கிய கார்

2024 மே மாதத்தில், 24 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவுக்கு, 2011ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஆல்ட்டோ ஒன்றை வாங்கினேன். கோண்டாவிலில் இருந்து பளைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு நாள்தோறும் போய்வருவதற்கும், மாதத்தில் இரண்டு தடவை அம்மாவை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வதற்குமாக வாங்கிய கார் அது. 14 மாதங்களில் 19,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுத்த காசுக்கு இந்தக் கார் பெறுமதியானதல்ல. ஆயினும் அந்தக் காசுக்கு அன்று பார்க்கக் கிடைத்தவற்றுள் நம்பி வாங்கத்தக்கதாக இருந்தது இது ஒன்றே.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. வெளிநாட்டுச் செலாவணியைச் சேமிக்கும் தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய அந்தத் தடை, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென்று நாடு அறிவித்து, டொலரின் விலை 200 ரூபாவில் இருந்து 360 ரூபா வரை போன பிறகு, ஆண்டுக்கணக்கில் நீண்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான் மீண்டும் வழி திறந்தது. விலை ஏறியதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள்; மலிவான கார் தேடியவர்களை அதைவிட ஆழமாகத் தாக்கிய ஒன்றைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. கொழும்பில் ஒருவர் துறைமுகத்தில் புதிதாக இறங்கிய வாகனத்தை எடுக்கும்போதுதான் தன் ஐந்து வயது வாகனத்தை விற்கிறார். அதை வாங்குகிறவர் தன்னிடம் இருக்கும் பத்து வயதுக் காரைக் கைவிடுகிறார். அப்படி மூன்று நான்கு கை மாறித்தான் பழைய ஆல்ட்டோ ஒன்று யாழ்ப்பாணத்தில் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவரின் முற்றத்துக்கு வந்து சேரும். மேலே புதியது இறங்காமற் போனதும், இருந்த காரை எவரும் விடவில்லை. ஆகவே அடிமட்ட விலையில் விற்பனைக்கு வந்தவற்றுள் பெரும்பகுதி, விற்றே ஆகவேண்டிய காரணம் ஒன்றைத் தமக்குள் வைத்திருந்த வாகனங்கள்தான். அந்தக் காரணம் சில வேளைகளில் உரிமையாளரின் வெளிநாட்டுப் பயணமாக இருந்தது. பல வேளைகளில் காரிலேயே இருந்தது.

என்னிடம் சேமிப்பும் கூட்டுறவுச் சங்கக் கடனுமாக 27 இலட்சம் ரூபா இருந்தது. அந்தத் தொகையில் நின்று பார்த்தால் தெரிவுகள் விரைவாகக் குறைந்துவிடும். ரொயோட்டா விற்ஸ், வகன்ஆர் ஆகியன எட்டாத உயரத்தில் இருந்தன. நிசான் மார்ச் கைக்கெட்டும் விலையில் கிடைத்தது. ஆனால் அதன் கே11 என்ற பழைய வகையில் பெரும்பாலானவை ஒட்டோ கியர் உள்ளவை. அந்தக் கியர்பெட்டி பழுதானால் திருத்துவதைவிட வேறொன்றைத் தேடிப் பூட்டுவதே வழக்கம். அந்த வேறொன்றும் இறக்குமதி செய்யப்பட வேண்டிய பொருள்தான். பழைய ஹைபிரிட் கார்களின் பற்றறி விடயத்திலும் இதே அச்சம் எனக்கு இருந்தது. ராட்டா நானோ மிக மலிவு. நகரத்துக்குள் மட்டும் ஓடுகிறவருக்கு அதை மறுக்கமாட்டேன். 624 சீசீ எஞ்சினோடு நாளுக்கு 80 கிலோமீற்றர் ஏ9 வீதியில் போக எனக்கு மனம் வரவில்லை. பெரோடுவா விவா எலீட், ஆல்ட்டோ என்ற இரண்டும் மிஞ்சின.

இரண்டு மாதங்களில் ஏழு கார்களைப் பார்த்தேன். பார்க்கப் போன எல்லா இடங்களுக்கும் எங்கள் ஊர்க் கராச் அண்ணையைக் கூட்டிச் சென்று, அவர் இழந்த அரைநாள் வேலைக்குரிய கூலியையும் கொடுத்தேன். இந்தத் தேடலில் நான் செலவழித்த பணத்தில் மிகப் பயனுள்ள பணம் அதுதான். வவுனியாவில் ஒரு விவா எலீட் நின்றது. மேற்கு மாகாணத்தில் ஓடிய வாகனம். வெளிப்பூச்சும் ஆசன உறையும் புதியவை. எஞ்சின் ஒரே திருப்பில் உயிர்பெற்றது. எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. அண்ணை பின் ஆசனத்தில் ஏறியமர்ந்து, இருக்கைப் பட்டியை அதன் கடைசி முனை தெரியும்வரை இழுத்தார். வழமையாக வெளியே வராத அந்தக் கடைசி முழத்தில், பட்டியின் குறுக்கே காய்ந்த களிமண் நிறத்தில் ஒரு கோடு இருந்தது. கோட்டுக்கு மேலே துணி கறுப்பு, கீழே வெளிறிய மண்ணிறம். பிறகு கதவோரத் தரைவிரிப்பைத் தூக்கினார். தகரத்தின் மடிப்புகளில் மணலை விட நுண்ணிய வண்டல் படிந்திருந்தது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, கடுவலைப் பகுதிகளில் வாகனங்கள் எப்படி மூழ்கிக் கிடந்தன என்பதைச் செய்திகளில் பார்த்திருக்கிறேன். இந்தக் கார் எந்த வெள்ளத்தில் நின்றதென்று விற்றவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நீரில் மூழ்கிய வாகனத்தின் வயர்களில் வரும் கோளாறு ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக வெளிப்படும் என்று திரும்பி வரும்போது அண்ணை விளக்கினார்.

இன்னொரு ஆல்ட்டோ எல்லா வகையிலும் நல்ல கார்; கேட்ட விலையும் நியாயமானது. அதன் பதிவுப் புத்தகம் மட்டும் விற்கிறவரின் பெயரில் இல்லை. புத்தகத்தில் பெயருள்ளவர் கையெழுத்திட்டுக் கொடுத்த படிவங்களோடு கார் இரண்டு கை மாறியிருந்தது. ஓப்பின் பேப்பர் என்று நாங்கள் சொல்லும் இந்த முறை நாட்டில் மிகப் பரவலானது. இதில் பதிவு உரிமையாளர் இறந்துவிட்டாலோ, நாட்டை விட்டுப் போய்விட்டாலோ, கையெழுத்தை மறுத்தாலோ, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்ற வழியின்றி நிற்க வேண்டியவர் கடைசியாகப் பணம் கொடுத்தவர்தான். எரிபொருள் நெருக்கடியின்போது, கையில் கார் இருந்தும் தம் பெயரில் அது இல்லாததால் வாராந்த எரிபொருள் பங்கீட்டுக்குரிய கியூஆர் குறியீட்டைப் பெறுவதற்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். வாங்கும் முன் திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைக் கொடுத்து, பதிவு உரிமையாளரின் பெயரையும், முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனம் எதுவும் நிற்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். பிறகு அங்கே காட்டும் எஞ்சின் இலக்கத்தைக் காரோடு ஒப்பிட வேண்டும். எழுத்துகள் அழுக்கில் மறைந்திருந்தால் மண்ணெண்ணெயும் துணியும் கொண்டு துடைத்தாவது வாசித்துவிடுங்கள்.

மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது, கரையோரக் கிராமம் ஒன்றில் பார்த்த ஆல்ட்டோ. 23 இலட்சம் கேட்டார்கள். எஞ்சின் மிகச் சுத்தமாக ஓடியது, புகை இல்லை, சத்தமும் இல்லை. அண்ணை முன்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் படுத்துத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் தகரத்தின் ஓசை மாறி, மட்டையில் தட்டுவது போலக் கேட்டது. புதிதாகப் பூசிய கறுப்புத் தாரின் கீழே கறள் தின்று முடித்திருந்தது; அந்த இடம் முன்சில்லின் கை பொருந்தும் இடம். நான் எஞ்சினின் நன்மையைச் சொல்லிப் பார்த்தேன். அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “ரீச்சர், எஞ்சின் பழுதெண்டால் நான் இறக்கி ஏத்துவன். இந்தக் கறளை எங்கை கொண்டுபோய் இறக்கிறது?”

என் தேடலின் திசை அந்த இடத்தில்தான் மாறியது. அதுவரை எஞ்சின் நன்றாக இருந்தால் மற்றவற்றைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தேன். ஆல்ட்டோ போன்ற காரில் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்: முதலில் புத்தகம், அடுத்தது உடல், எஞ்சின் கடைசி. அதில் இருப்பது 796 சீசீ கொண்ட மூன்று சிலிண்டர் எஃப்8டி எஞ்சின். அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பிஸ்ரன் ரிங்குகள் முதல் வால்வு சீல்கள் வரை இந்தியாவில் இருந்து வருகின்றன. தடைக் காலத்திலும் அவை கிடைத்துக்கொண்டே இருந்தன. எஞ்சின் வேலைக்கு எவ்வளவு முடியும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளலாம். கறளுக்கும் பெயர் மாறாத புத்தகத்துக்கும் அப்படி ஒரு தொகை கிடையாது.

ஆகவே எஞ்சின் பலவீனமான, உடல் உறுதியான காரைத் தேடினேன். சாவகச்சேரியில், ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவரிடம் அது கிடைத்தது. அவர் இரண்டாவது உரிமையாளர்; புத்தகம் அவருடைய பெயரில்; லீசிங் இல்லை. ஒவ்வொரு தடவை பெற்றோல் அடித்த நாளையும் அப்போதைய கிலோமீற்றரையும் 80 தாள் கொப்பி ஒன்றில் நீல மையால் எழுதி வைத்திருந்தார். மீற்றரில் இருந்த 1,38,000 கிலோமீற்றர் உண்மையானது என்பதற்கு அந்தக் கொப்பியை விட நல்ல சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. காலையில் ஸ்ரார்ட் செய்தால் நீலப் புகை வந்தது. நான்காம் கியரில் கிளச் வழுக்கியது. இவற்றை அவர் தாமாகவே சொன்னார். அதே ஆண்டு ஆல்ட்டோவுக்கு மற்றவர்கள் 27, 28 இலட்சம் கேட்டுக்கொண்டிருந்த வேளையில் அவர் 25 கேட்டு, 24 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு இணங்கினார். பெயர் மாற்றப் படிவங்களில் இருவரும் ஒன்றாக இருந்து கையெழுத்திட்ட பின்பே முழுப்பணத்தையும் கொடுத்தேன். ரிங்குகள், வால்வு சீல்கள், ரைமிங் பெல்ற், கிளச் ஆகியவற்றுக்கும் கூலிக்குமாக 1 இலட்சத்து 65 ஆயிரம் ரூபா முடிந்தது. அதன் பிறகு நான்கு ரயர்கள் மாற்றினேன். 12 அங்குலச் சில்லு என்பதால் அந்தச் செலவு தாங்கக்கூடியதாக இருந்தது.

இனி, ஓடும் காரைப் பற்றி. தினசரிப் பயணத்தில் லீற்றருக்கு 17 கிலோமீற்றர் தருகிறது, ஏ.சி. போடாமல் கிளிநொச்சி வரை நேராகப் போய்வந்த ஒரு நாளில் 20ஐத் தொட்டது. 2022 ஜூன் மாதத்தில் ஒக்ரேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியதைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணிக்கையின் அருமை விளங்கும். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்கு இதன் அளவு மிகப் பொருத்தமானது. எதிரே லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்று வந்தாலும் வேலியோடு ஒதுங்கிவிடலாம். கியர் மென்மையாக விழுகிறது. மழைவெள்ளம் நிற்கும் வீதிகளிலும் இதுவரை அடி தட்டவில்லை. ஏ.சி. ஒருவரோ இருவரோ இருக்கும்போது போதுமானது. நான்கு பேரோடு பங்குனி வெயிலில் புகையிரதக் கடவையில் காத்து நின்றால் காற்று வெறும் காற்றாகிவிடும். என் கார் பவர் ஸ்ரியறிங் இல்லாத வகை. ஓடும்போது அது தெரிவதில்லை. ஆஸ்பத்திரி வீதியில் இரண்டு வாகனங்களுக்கு இடையில் நிறுத்தும்போது தோள் வலிக்கும்.

மறைக்காமல் சொல்ல வேண்டிய குறை பாதுகாப்பு. என் காரில் காற்றுப்பை இல்லை, ஏ.பி.எஸ். பிறேக்கும் இல்லை. இதற்குப் பின் வந்த ஆல்ட்டோ 800 காரையே 2014 ஜனவரியில் குளோபல் என்கெப் அமைப்பு மோதிப் பரிசோதித்து, பெரியவர்களின் பாதுகாப்புக்குப் பூச்சியம் நட்சத்திரம் கொடுத்தது. முக்கால் தொன்னளவே நிறையுள்ள கார் இது. ஆனையிறவுத் தாம்போதியில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பக்கவாட்டில் தள்ளப்படுவதைக் கைகளில் உணர முடியும். தூர சேவைப் பேருந்து ஒன்று முந்திச் செல்லும்போது கார் முதலில் வெளியே தள்ளப்பட்டு, பிறகு உள்ளே இழுக்கப்படும். நான் 70 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டுவதில்லை, மழையில் 50. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரவில் கொழும்புக்குப் போக நினைக்கும் குடும்பத்துக்கு இந்தக் காரை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இறக்குமதி திறந்ததும் விலை விழும், அதுவரை பொறுத்திருக்கலாமே என்று வாங்கும்போது பலர் சொன்னார்கள். திறந்த பிறகு நடந்ததை இப்போது எல்லோரும் பார்த்துவிட்டோம். 2025இல் சுங்கத் தீர்வை, அதன் மேல் 50 வீத மேலதிகக் கட்டணம், எஞ்சின் கொள்ளளவுக்கேற்ற உற்பத்தி வரி, எல்லாவற்றுக்கும் மேலே 18 வீத பெறுமதி சேர் வரி என்று சேர்ந்தபோது, மிகச் சிறிய புதிய காரும் என்னைப் போன்றவரின் கைக்கு எட்டவில்லை. நடுத்தர விலைக் கார்களில் அசைவு தெரிந்தது. எங்கள் அடிமட்டத்தில், 2025 நடுப்பகுதியில் என் காரின் வயதுடைய இன்னோர் ஆல்ட்டோவை விலை கேட்டபோது 25 இலட்சம் என்றார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. இந்தக் காரின் ஆசனம் தாழ்வானது. அம்மாவின் முழங்கால் அதற்கு ஒத்துவரவில்லை. முன் ஆசனத்தைக் கடைசி வரை பின்னே தள்ளி, தடித்த பருத்தித் தலையணை ஒன்றைப் போட்டு, முதலில் இருந்துகொண்டு பிறகு கால்களைத் திருப்பச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், விலை பேசப் போகும் நாளில் அவர்களையும் கூட்டிச்சென்று ஒரு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். நான் அதைச் செய்யவில்லை.