ஊர் வீட்டில் நிற்கும் காருக்கு எது சரி?

சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, காரை மட்டும் காரைக்குடிப் பக்கத்து ஊர் வீட்டில் விட்டுவைத்திருப்பவர்கள் செட்டிநாட்டில் நிறைய. பொங்கல், படைப்பு, உறவில் ஒரு சாந்திக் கல்யாணம் என்று வந்து இறங்கும்போதுதான் அந்த வண்டிக்கு வேலை. மற்ற நாளெல்லாம் பின்பக்கத்து ஷெட்டில் தூங்கும். தினமும் ஓடும் வண்டிக்குச் சொல்லும் யோசனைகள் இதற்கு அப்படியே பொருந்தாது. ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே இங்கே அதிகம். ஊரில் வழக்கமாக நடக்கும் வாக்குவாதங்களை இந்தக் கணக்கில் வைத்துப் பார்ப்போம்.

டேங்கை நிரப்பிவிட்டுப் போவதா, கொஞ்சமாக விட்டுப் போவதா?

கொஞ்சமாக விடுபவர்கள் சொல்வது: பெட்ரோல் பழசாகிவிடும், இல்லாவிட்டால் யாராவது உறிஞ்சிவிடுவார்கள். இரண்டும் நடக்கக்கூடியதுதான். ஆனால் டேங்கில் காலியிடம் கூடினால் ஈரக்காற்றுக்கும் இடம் கூடும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் போய்த் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூடியே கிடக்கும் வண்டிக்கு இது வேண்டாத வம்பு.

அதனால் இரண்டு மூன்று மாதம் நிற்கப்போகும் வண்டி என்றால் நிரப்பிவிட்டுப் போவதே மேல். அதற்கு மேல் என்றால் நிரப்பினாலும் முழு டேங்கும் பழசாகத்தான் போகிறது. நம்பிக்கையான ஒருவரை அவ்வப்போது ஓட்டச் சொல்லி, குறைந்த அளவுக்குப் புதிதாகப் போட்டுக்கொள்வதுதான் வழி. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டியாக இருந்தால், எத்தனால் எவ்வளவு வரை தாங்கும் என்று கையேட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டீசல் வண்டிக்கு எத்தனால் தொல்லை இல்லை. தண்ணீர் சேர்ந்தால் மட்டும் அடியில் கசடு கட்டும்.

நிரப்புவது என்றால் எதுவரை? நாசில் தானாக ஒருமுறை 'டக்' என்று நிற்கும்வரை. பங்க் தம்பி மீட்டரைப் பார்ப்பார். 2,460 ரூபாயில் நின்றிருக்கும். "ரவுண்டா 2,500 போட்டுரவாண்ணே?" என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். டேங்கின் மேலே விட்டிருக்கும் இடம் ஆவிக்கானது. அதையும் மீறி அமுக்கினால், அந்த ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டிக்குள் பெட்ரோலே போய்விடும். அது கெட்டால் நாற்பது ரூபாயோடு போகாது.

வெயில் காலத்தில் ஃபுல் டேங்க் போட்டால் வெடிக்கும் என்று சித்திரை வந்தால் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை இந்தியன் ஆயில் நிறுவனமே மறுத்திருக்கிறது. விடியற்காலையில் போட்டால் அளவு கூடக் கிடைக்கும் என்பதும் பெரிதாக ஒன்றும் இல்லை. பங்கின் டேங்க் பூமிக்கு அடியில் இருக்கிறது, காலைக்கும் மதியத்துக்கும் அங்கே சூடு அவ்வளவாக மாறாது. அளவில் சந்தேகம் இருந்தால் 5 லிட்டர் முத்திரை அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம், அது நம் உரிமை. எஞ்சினை அணைப்பது, பீடி சிகரெட்டைத் தள்ளி வைப்பது எல்லாம் தெரிந்ததுதான். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவும். காரைவிட்டு நாலடி தள்ளி நின்று பற்றவைப்பவருக்கும் அதனால் இடமில்லை.

ஊர் பங்கா, திருச்சி–ராமேஸ்வரம் சாலை பங்கா என்றால் கூட்டம் உள்ள பங்க். அங்கே சரக்கு தேங்காது. டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருந்தால் மட்டும் அடுத்த பங்குக்குப் போங்கள்.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்வதா, பேட்டரியைக் கழற்றிவிடுவதா?

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுத்து, மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியைக் கொண்டுவந்த ஊர் காரைக்குடி. பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் அந்த வளாகத்தைச் சுற்றியுள்ள வீடுகளிலேயே, பொங்கலுக்கு முதல்நாள் "செல்ஃப் எடுக்கலை" என்ற புலம்பல் கேட்கும்.

கணக்கு எளிது. பூட்டி நிறுத்திய காரிலும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் நாளொன்றுக்கு 0.7 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணி பேட்டரி 25 நாளில் பாதியாகிவிடும்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிடுகிறாரே என்பார்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடினால், ஸ்டார்ட் செய்யச் செலவானதே திரும்பினால் அதிகம். எஞ்சின் முழுச் சூடு ஏறாததால் ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கும். கதவடைத்த ஷெட்டுக்குள் ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளையே சாய்த்துவிடும். ஓட்டுவதானால் குன்றக்குடி வரை போய் வரட்டும். அரைமணி நேரம் ஓடினால்தான் பலன். பத்து நாளுக்கு ஒருமுறை அப்படிச் செய்ய ஆள் இருந்தால் அதுவே முதல் தேர்வு.

ஆள் இல்லையென்றால் கழற்றிவிடுங்கள். மைனஸ் முனையை மட்டும் கழற்றினால் போதும். பெரும்பாலான வண்டிகளுக்கு 10-ம் நம்பர் ஸ்பேனர். இரண்டையும் எடுப்பதானால் மைனஸை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில். பிளஸ்ஸில் ஸ்பேனர் இருக்கும்போது அது பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். பச்சை பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துடைத்து, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். கழற்றுவதற்கு முன் சாவி வெளியே இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மற்றவை

நைட்ரஜனா, சாதாரணக் காற்றா? காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். இலவசக் காற்றே போதும், அளவு சரியாக இருக்கட்டும். ஹேண்ட் பிரேக்கா, கியரா? மாதக்கணக்கில் நிற்பதென்றால் கியரில் விட்டுச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். இழுத்துவிட்ட பிரேக் அப்படியே ஒட்டிக்கொள்ளும். எலிக்குப் புகையிலை போடுவது ஊர் வழக்கம். எலி அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறதோ. பானெட்டைத் திறந்து வயரைப் பார்த்துவிட்டே ஸ்டார்ட் செய்வது நிச்சயம்.

கம்பெனி சர்வீஸா, தெரிந்த மெக்கானிக்கா? வாரண்டி இருக்கும்வரை கம்பெனிதான். அதற்குப் பிறகு ஊர் மெக்கானிக்கே எனக்கு உசத்தி, செம்மண் புழுதி ஏர் ஃபில்டரை என்ன செய்யும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் "ரெண்டாயிரம் கிலோமீட்டர்தானே ஓடியிருக்கு, ஆயில் நல்லாத்தான் இருக்கு" என்பார். அதை மட்டும் கேட்காதீர்கள். எஞ்சின் ஆயில் வருடத்துக்கு ஒருமுறை, பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். டயருக்கும் ஓடிய தூரத்தைவிட வயதுதான் கணக்கு. பக்கவாட்டில் 2319 என்று இருந்தால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு இருந்தாலும், ஓரத்தில் வெடிப்பு விட்டிருந்தால் அதோடு மதுரைக்குக் கிளம்ப வேண்டாம்.