கிளியரன்ஸ் சேலில் டிசைனர் காலணி வாங்குபவர்கள் கவனத்துக்கு

வெளிநாட்டு டிசைனர் காலணி, பாதி விலை என்று போர்டு மாட்டிய சின்னக் கடைகள் இங்கே சிங்கப்பூர் மால்களில் அடிக்கடி முளைக்கின்றன. அப்படி ஒரு கடையில் நானும் என் தங்கையும் ஆளுக்கொரு ஜோடி வாங்கினோம். ஒன்று 120 வெள்ளி. வளைந்த குதிகால், கனமான அடிப்பாகம், பார்க்க அவ்வளவு அழகு.

தங்கை முதல் தடவையாகப் போட்டுக்கொண்டு தேக்கா வந்தாள். சிராங்கூன் சாலையில் பாதி தூரம் போவதற்குள் குதிகால் பக்கம் முறுக்கு போல் நொறுங்க ஆரம்பித்துவிட்டது. பெருமாள் கோயில் வாசலில் கழற்றியபோது பார்த்தால், வந்த வழியெல்லாம் கறுப்புத் தூள். வீட்டில் நான் இன்னும் போடாத ஜோடியைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அடிப்பாகம் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

கடைக்காரத் தம்பி நம்மவர்தான். "அக்கா, மழையில நனைச்சிருப்பீங்க. சேல் ஐட்டம், ரிட்டர்ன் இல்ல" என்றார். பெட்டியை விட்டு வெளியே வராத ஜோடி எப்படி நனையும் என்று கேட்டேன். பதில் இல்லை.

விஷயம் இதுதான். இப்படிப்பட்ட அடிப்பாகங்கள் பல பாலியூரிதேன் என்ற பொருளால் செய்யப்படுகின்றன. காற்றில் உள்ள ஈரம் அதன் பிணைப்புகளை மெல்ல அறுத்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில், பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் அது நடக்கும். பல வருடம் கிடங்கில் கிடந்த சரக்கைப் புதுசு என்று நம் தலையில் கட்டியிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் அதில்தான்.

பிராண்டுகள் மீது எனக்குக் குறையில்லை. புதுமையான காலணி வேண்டுமென்றால் நல்லவை இருக்கின்றன. 1996இல் இங்கே அமாரா கடைத்தொகுதியில் ஒரே ஒரு கடையாகத் தொடங்கிய சார்ல்ஸ் அண்ட் கீத்தை நமக்கெல்லாம் தெரியும். பிரேசிலின் மெலிசா பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்தே காலணி செய்கிறது. ராத்திஸ் பிளாஸ்டிக் பாட்டில்களை நூலாக்கிப் பின்னுகிறது. எதுவானாலும் அந்தந்த பிராண்டின் சொந்தக் கடையிலோ தளத்திலோ வாங்குங்கள். கிளியரன்ஸ் என்றால் அடிப்பாகத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சம் வளைத்தும் பாருங்கள். ஒட்டினாலோ வெடிப்பு தெரிந்தாலோ அங்கேயே வைத்துவிடுங்கள்.

அப்புறம், "ரிட்டர்ன் இல்லை" என்ற போர்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2012 செப்டம்பரிலிருந்து இங்கே லெமன் சட்டம், அதாவது குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. சேல் பொருளுக்கும் அது பொருந்தும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. முதலில் சரிசெய்து தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். விற்கும்போதே குறையைச் சொல்லித்தான் விற்றார்கள் என்றால் மட்டும் அந்தக் குறைக்காகக் கேட்க முடியாது.

கடை மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கத்திடம், அதாவது கேஸ் (CASE) அமைப்பிடம் போகலாம். அடுத்த படி சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. நாங்கள் கேஸில் புகார் கொடுத்த பிறகுதான் அந்தக் கடை இரண்டு ஜோடிக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

உங்களுக்கும் இப்படி நடந்தால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், படம் எடுங்கள். உதிர்ந்த தூளையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். எங்கள் பையைக் கவுன்டரில் வைத்த பிறகு அந்தத் தம்பி மழையைப் பற்றிப் பேசவே இல்லை.