எந்தச் சேவை பதில் சொல்வது: அலெக்சா, சிரி, கூகுள் அசிஸ்டென்ட் ஓர் ஒப்பீடு

தேடுபொறியில் ஒன்றைத் தேடினால் பல விடைகள் திரையில் வரிசையாக வந்து நிற்கும். வேண்டியதை நாமே தேர்ந்துகொள்ளலாம். குரல் உதவியாளரிடம் கேட்கும்போது பெரும்பாலும் ஒரே ஒரு விடைதான் காதில் விழுகிறது. அந்த ஒன்றைத் தரும் சேவை எது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி, நம் உச்சரிப்பை எந்தக் கருவி நன்றாகப் புரிந்துகொள்கிறது என்ற கேள்வியைவிட முக்கியமானது என்றே கருதுகிறேன்.

அமேசானின் அலெக்சா, ஆப்பிளின் சிரி, கூகுள் அசிஸ்டென்ட் ஆகிய மூன்று குரல் உதவியாளர்களிலும் மிக விரிவான தேர்வு முறை அலெக்சாவினுடையது. வெளி நிறுவனங்கள் தம் சேவைகளை 'ஸ்கில்' என்ற பெயரில் அதில் இணைப்பதற்கு 2015இல் அமேசான் வழிவிட்டது; 2019இல் அவற்றின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. தொடக்கத்தில் ஸ்கில்லின் பெயரைச் சொல்லித்தான் அழைக்க வேண்டியிருந்தது. ஆனால் அத்தனை பெயர்களை யாராலும் நினைவில் வைத்திருக்க முடியாது என்பதால், பெயர் சொல்லாமலே கேட்கும் வசதி பின்னர் வந்தது. அதில் முதற்கட்டமாக ஒரு நரம்பியல் வலையமைப்பு (தரவுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் கணினி நிரல்), பயனர் ஏற்கெனவே இயக்கி வைத்திருக்கும் ஸ்கில்களையும் கணக்கில் கொண்டு, கோரிக்கைக்குப் பொருந்தக்கூடிய சிலவற்றைச் சலித்தெடுக்கிறது; அடுத்த கட்டத்தில் இதுபோன்ற இன்னொரு நிரல், சூழலையும் பார்த்து அவற்றை மறுபடி வரிசைப்படுத்துகிறது. 'இதை உன்னால் நிறைவேற்ற முடியுமா?' என்று ஸ்கில்லிடமே கேட்டு, 'முடியும்', 'முடியாது', 'முடியலாம்' என்ற மூன்றில் ஒன்றைப் பதிலாகப் பெறும் ஏற்பாட்டையும் அமேசான் 2018இல் அறிமுகப்படுத்தியது. இது திறமையான வடிவமைப்புதான் என்றாலும், இந்தப் போட்டியில் தோற்ற ஸ்கில்கள் எவை என்பதும் ஏன் தோற்றன என்பதும் கேட்டவருக்குத் தெரிவதில்லை.

சிரியின் வழி இதற்கு நேர்மாறானது. ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 10ஆம் பதிப்பு வெளிவந்த 2016இல், செய்தி அனுப்புதல், அழைப்பு, பணம் செலுத்துதல், வாடகைக் கார் அழைத்தல் போன்ற சில துறைகளை மட்டுமே ஆப்பிள் வெளிச் செயலிகளுக்குத் திறந்தது. அவற்றிலும் செயலியின் பெயரைப் பயனரே சொல்ல வேண்டியிருந்தது. 2021இல் வந்த ஐஓஎஸ் 14.5, பாடல் கேட்பவரிடம் எந்தச் செயலியில் இசைப்பது என்று ஒரு பட்டியலைக் காட்டிக் கேட்கத் தொடங்கியது. 2024 டிசம்பரில் சாட்ஜிபிடி இணைக்கப்பட்டபோதும், கேள்வியை அங்கே அனுப்பலாமா என்று முன்கூட்டியே அனுமதி கேட்பதுதான் இயல்பான அமைப்பாக இருந்தது. இப்படிக் கேட்பதில் தாமதம் உண்டு, சிலருக்கு எரிச்சலும் உண்டு. ஆயினும் முடிவு நம் கையில் இருப்பதால் இதையே நான் மேலாக மதிக்கிறேன்.

கூகுளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெயர் சொல்லாமல் கேட்டாலும் வெளிச் சேவைகளைப் பரிந்துரைக்கும் முறை அதிலும் இருந்தது. ஆனால் வெளியார் உருவாக்கிய உரையாடல் சேவைகளையே 2023 ஜூனில் அந்நிறுவனம் நிறுத்திவிட்டது.

பயனர் எதையும் மாற்றாதபோது யாருக்கு முன்னுரிமை கிடைக்கிறது என்பதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. இசைச் சேவையை அலெக்சா செயலியின் அமைப்புகளில் மாற்றிக்கொள்ள முடியும் என்றாலும், அந்தப் பக்கம் போகாதவர்களுக்கு அமேசானின் சொந்தச் சேவையே முன்னிற்கும். முன்நிறுவல் (கருவியிலேயே ஒரு சேவையை முன்கூட்டி நிறுவித் தருவது), இயல்பிருப்புத் தேர்வு (பயனர் மாற்றாதவரை தானாக அமையும் தேர்வு) ஆகியவை குறித்த கவலைகளை ஐரோப்பிய ஆணையம் 2022 ஜனவரியில் வெளியிட்ட தன் விசாரணை அறிக்கையில் பதிவு செய்தது. பெரும் தொழில்நுட்ப நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைகள் சட்டமும் குரல் உதவியாளர்களைத் தன் வரம்புக்குள் சேர்த்திருக்கிறது. ஆனால் 2023 செப்டம்பரில் அச்சட்டத்தின் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டவை என்று அறிவிக்கப்பட்ட 22 சேவைகளில் குரல் உதவியாளர் ஒன்றுகூட இல்லை.

திரையுள்ள கைபேசியைப் பொறுத்தவரை, கேட்டுவிட்டுச் செய்யும் சிரியின் முறையையே தயங்காமல் பரிந்துரைப்பேன். திரையில்லாத ஸ்பீக்கரில் ஐந்து செயலிகளின் பெயர்களை வாசித்துக் காட்டுவது யாருக்கும் உதவாது. அங்கே அலெக்சாவின் தரவரிசை முறைதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஆனால் 'ஏன் இந்தச் சேவை?' என்று கேட்டால் காரணம் சொல்லவும், 'இனி வேறொன்றைப் பயன்படுத்து' என்றால் அக்கணமே மாறவும் அது கடமைப்பட்டிருக்க வேண்டும்.