ஆலயக் கல்வெட்டுக்கு மயிலாடி போகிறீர்களா?

களியக்காவிளை, பாறசாலை பக்கத்துச் சபைகளில் பிரதிஷ்டை நாள் குறித்ததும் கமிட்டிக்காரர்கள் நாகர்கோவிலைத் தாண்டி மயிலாடிக்கு வண்டி பிடிப்பார்கள். தாராளமாகப் பிடிக்கலாம். அங்குள்ள சிற்பக்கூடங்களின் கல் வேலையை நம்பி ஒப்படைக்கலாம். நாம் எழுதிக்கொண்டு போகும் தாளில்தான் கோளாறு.

முதலில் கல். பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட், 3 அடி உயரம், 2 அடி அகலம், 20 மி.மீ. கனம். இதுவே 30 கிலோவுக்கு மேல் வரும். புதுப் பூச்சின் மேல் வெறும் சிமென்ட் பால் தடவி ஒட்டினால் நிற்காது. பூச்சைக் கொத்திவிட்டு, கல் ஒட்டும் பசையில் பதித்து, நான்கு மூலையிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு போடச் சொல்லுங்கள். சாதா இரும்புத் திருகு என்றால் இடவப்பாதி மழையிலும் துலா மழையிலும் துருப்பிடித்து, கல்லில் செங்கறையாக வடியும்.

எழுத்தை இரண்டு விதமாக வெட்டுகிறார்கள். உளியால் வெட்டினால் பள்ளம் சரிவாக இறங்கும். அதில் விழும் நிழலே எழுத்தைக் காட்டிவிடும், பெயிண்ட் உரிந்தாலும் வாசிக்கலாம். இன்னொன்று, கம்ப்யூட்டரில் வெட்டிய ரப்பர் ஸ்டிக்கரை ஒட்டி, காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சுவது. வேகமாக முடியும், ஆனால் பள்ளம் ஆழமில்லாமல் போகலாம். 3 மி.மீ. ஆழம் கேட்டு வாங்குங்கள். ண, ல போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் சின்ன ரப்பர் துண்டு காற்றில் பறந்துவிட்டால் சுழி மூடி மொட்டையாகிவிடும். அந்த எழுத்துகளைத் தனியாகப் பாருங்கள்.

ப்ரூஃப் தாளை அவசரத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடாதீர்கள். எழுத்துரு மாற்றும்போது கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போகும். மலையாளத்திலும் ஒரு வரி சேர்க்கும் எல்லையோரச் சபைகளுக்குச் சில்லெழுத்துகள் (புள்ளி வைத்த மெய்போல் நிற்கும் மலையாளத் தனி எழுத்துகள்) கெடும் தொல்லையும் உண்டு. தமிழ் வாசிப்பவர் ஒருவர், மலையாளம் வாசிப்பவர் ஒருவர், இருவரும் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். கல்லில் விழுந்த பிழைக்கு மருந்து வேறு கல்தான். கூலி சதுர அடிக்கா, எழுத்துக்கா என்பதையும் முன்னமே கேட்டுவிடுங்கள்.

இனி வாசகம். பத்தடி தள்ளி நின்று வாசிக்க எழுத்து ஓர் அங்குலமாவது வேண்டும். வரிக்கு இடையே முக்கால் அங்குலம், மேலும் கீழும் இரண்டிரண்டு அங்குலம் விட்டால் 3 அடிக் கல்லில் 18 வரிதான் பிடிக்கும். சபையின் பெயர், வசனம், தேதிகள், பிரதிஷ்டை செய்தவர் என்று ஆறு வரி போக, காணிக்கை கொடுத்தவர்களின் பெயருக்கு மீதி பன்னிரண்டு. சண்டை அங்கேதான் தொடங்கும். பன்னிரண்டு பேர் யார்? பதின்மூன்றாவது ஆள் ஏன் இல்லை? பால் விற்ற காசில் மாதாமாதம் கொடுத்த விதவைக்கு எந்த வரி?

மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில், மனுஷரால் புகழப்படத் தாரை ஊதித் தர்மம் செய்கிறவர்கள் ‘தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது’ என்கிறார் ஆண்டவர். அந்த இடத்தில் வரும் கிரேக்கச் சொல், அக்கால வியாபாரிகள் ‘முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்று ரசீதில் எழுதிய அதே சொல். அப்படியானால், பேர் விளங்குவதற்காகவே போட்ட பெயர் எதற்கு ரசீது? காணிக்கைக்குரிய பலன் சுவரிலேயே பட்டுவாடா ஆகிவிடுகிறது. கொடுத்தவரின் பலனைச் சபையே இப்படிப் பறிப்பது நமக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. மின்விசிறி இறக்கையில் ‘அன்பளிப்பு’ என்று எழுதுவதும் இதே கணக்குதான்.

மயிலாடிக்குப் போகிறவர்கள் அங்குள்ள பழைய சபையையும் நினைக்க வேண்டும். 1806-இல் திருவிதாங்கூருக்கு வந்து, 1809-இல் அங்கே ஆலயம் எழுப்பிய மிஷனரி ரிங்கல்தௌபே 1816-இல் புறப்பட்டுப் போனார். பிறகு அவர் முடிவு என்னவென்று தெரியவில்லை, கல்லறையும் இல்லை. ஆலயத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது பின்னால் வந்தவர்கள். கல் செதுக்கும் ஊரில் சபையை ஊன்றியவருக்கு ஒரு கல்லறைக் கல்கூட இல்லை.

‘பெயர் போடாவிட்டால் பணம் வராதே’ என்பார்கள். கொஞ்சம் குறையும்தான். அந்தரங்கமாகக் கொடுப்பது என்பதைக் கணக்கில்லாமை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அடிக்கட்டையுள்ள ரசீதுப் புத்தகம், எண்ணும்போது இரண்டு பேர், ஆண்டறிக்கையில் மொத்தத் தொகை, தணிக்கை: இவை கட்டாயம். ஆராதனையில் பெயரையும் தொகையையும் வாசிப்பதை மட்டும் நிறுத்தினால் போதும். நன்றிக் கடிதத்தைச் சபை ஊழியர் வீட்டில் கொண்டு கொடுக்கட்டும். சுவரில் ஏற்கெனவே இருக்கும் பழைய கற்களைப் பிடுங்க வேண்டாம். அது இன்னொரு சண்டை.

பெயர்ப் பட்டியலை எடுத்துவிட்டால் மீதமிருக்கும் ஆறு வரிக்கு 2 அடிக்கு ஒன்றரை அடிக் கல் தாராளம். எடை பாதியாகும், மிச்சப்படும் பணத்தில் உளி எழுத்தே கேட்கலாம். பிரதிஷ்டைக்கு ஒரு வாரம் முன்பாவது கல்லைப் பதித்துவிடுங்கள். பசை இறுகுவதற்குள் திரைச்சீலை மாட்ட ஆணி அடித்தால் கல் அசைந்துவிடும்.