படிவத்தில் வந்த தமிழ் சிதைந்தால்: நேரடி மாற்றமா, பைனரி வழியா, ஸ்கிரிப்ட்டா?

சர்வர் மாற்றிய கையோடு, இணையதளப் படிவத்தில் மக்கள் தமிழில் நிரப்பிய பெயரும் முகவரியும் கிறுக்கலாகத் தெரிகின்றனவா? தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் ® குறி, திரும்பத் திரும்ப அதே ஜோடி என்றால் தரவு பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. வெறும் கேள்விக்குறிகளாகவே பதிவாகியிருந்தால் போனது போனதுதான், பேக்கப்பைத் தேடுங்கள்.

வழக்கமான காரணம் இது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் டேபிள் லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியாக்கம்) என்று அறிவிக்கப்பட்டிருக்கும், உள்ளே இருப்பதோ யூடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா எழுத்துக்கும் பொதுவான யூனிகோட் குறியாக்கம்) பைட்டுகள். தளத்துக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான பழைய இணைப்பும் லத்தீன்1 என்பதால் போட்டது போட்டபடி திரும்பி வந்தது. இணைப்பு யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழு யூடிஎஃப்-8-இன் பெயர்) ஆனதும் குட்டு வெளிப்பட்டது. முதல் வேலையாகப் படிவத்தை மூடுங்கள்: இந்த நிலையில் புதிதாக வரும் தமிழ், கேள்விக்குறியாகத்தான் பதிவாகும், அல்லது பிழை காட்டி நின்றுவிடும்.

அப்புறம் மைஎஸ்க்யூஎல்லின் லெங்த் செயற்கூற்றைப் போட்டு பைட்டை எண்ணுங்கள். 'அ' ஒன்றுக்கு 3 பைட் என்றால் லேபிள் மட்டும்தான் தவறு. 7 என்றால் யாரோ ஏற்கெனவே தவறாக மாற்றிவிட்டார்கள். (அ என்று பதிவாகியிருந்தாலும் 7 வரும். அது பக்கத்தின் என்கோடிங் தவறு, கண்ணாலேயே தெரிந்துவிடும்.)

நேரடி மாற்றம், அதாவது ஆல்ட்டர் டேபிள் கட்டளையில் கன்வெர்ட் டு, ஒரே வரியில் முடியும். உண்மையான லத்தீன்1 எழுத்து மட்டுமே உள்ள டேபிளுக்கு அதுவே சரி. தமிழ் இருந்தால் அந்த 3 பைட்டை 7 ஆக்கிவிடுவது இதுதான்.

பைனரி வழியில் நெடுவரிசையை முதலில் வார்பைனரி அல்லது ப்ளாப் (வெறும் பைட்டுகளாக வைக்கும் வகைகள்) ஆக்கி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 ஆக்க வேண்டும். பைட் எதுவும் அசையாது. நடுவே உண்மையான லத்தீன்1 வரிகள் கலந்திருந்தால் பிழை காட்டி நிற்கும். அவற்றைத் தனியே பிரிக்க வேண்டும். என் தேர்வு தயங்காமல் இதுதான். 7 பைட் ஆகிப்போன தரவையும் லத்தீன்1, பைனரி, யூடிஎஃப்8எம்பி4 என்ற வரிசையில் மீட்கலாம்.

வெளியே எடுத்து பைதான் ஸ்கிரிப்ட்டில் திருத்துவது பலருக்கும் பிடித்த வழி. தமிழுக்கு அதில் ஒரு பொறி உண்டு. மைஎஸ்க்யூஎல்லின் லத்தீன்1-க்கு அடிப்படையான விண்டோஸ்-1252 எழுத்துப் பட்டியலில் ஐந்து இடங்கள் காலி. அவற்றில் நான்கில் நம் எழுத்துகளின் கடைசி பைட் போய் விழுகிறது: ஏ, ஐ, உகரக் குறி, புள்ளி. மைஎஸ்க்யூஎல்லின் லத்தீன்1 அந்தக் காலியிடங்களையும் காப்பாற்றுகிறது. அதே பட்டியலின் பைதான் வடிவமான சிபி1252 பிழை காட்டும். பிழையைப் புறக்கணிக்கச் சொன்னால் புள்ளி மொத்தமும் காலி. புள்ளியில்லாமல் ஒரு முகவரியைப் படித்துப் பாருங்கள்.

மைஎஸ்க்யூஎல்லின் பழைய, 3 பைட் வரை மட்டும் ஏற்கும் யூடிஎஃப்8-இல் தமிழ் அடங்கும், எமோஜி அடங்காது. 2019-இல் யூனிகோடில் சேர்ந்த தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் 4 பைட் வேண்டும். அதனால் எம்பி4 தான்.

திருத்தியதும் படிவத்தில் 'ஏழு புள்ளி ஐந்து' என்று நிரப்பி அனுப்புங்கள். சிக்கலான நான்கும் அதில் இருக்கின்றன. லெங்த் 44 காட்டினால் படிவத்தைத் திறந்துவிடலாம்.