மடக்குக் கத்தியில் ஸ்க்ரூ இறுகிவிட்டால்: எண்ணெயா, சூடா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து ஈரத்துக்கு மடக்குக் கத்தியின் ஸ்க்ரூ துருப்பிடிப்பது சகஜம். புதுக் கத்தி அசையாவிட்டால் பெரும்பாலும் தயாரிக்கும்போதே மரையில் தடவிய பசைதான் காரணம்.

செலவு: துரு இளக்கும் எண்ணெய் ஸ்ப்ரே எந்த ஹார்டுவேர் கடையிலும் உண்டு. சூட்டுக்கு சால்டரிங் அயர்ன் (ஈயப் பற்றுவைக்கும் சூட்டுக்கோல்) வேண்டும். தெரிந்த ரிப்பேர்க் கடையில் இரவல் கேட்கலாம்.

நேரம்: எண்ணெய் ராத்திரி முழுக்க ஊறட்டும். சூட்டுக்கு ஓரிரு நிமிடம்.

கைப்பிடி: இங்கேதான் கவனம். எண்ணெய் மரத்தில் கறையாகும். நேராக ஸ்ப்ரே அடிக்காமல் ஊசிமுனையால் ஒரு சொட்டு வையுங்கள். சூடு பிளாஸ்டிக்கை உருக்கும், மரத்தைக் கருக்கும். அயர்ன் நுனி ஸ்க்ரூ தலையில் மட்டும் படட்டும், விட்டுவிட்டு வையுங்கள். எண்ணெய் விட்ட இடத்தில் சூடு வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

எந்த வழியானாலும் ஸ்க்ரூடிரைவர் முனை, அதாவது பிட், கச்சிதமாகப் பொருந்த வேண்டும். நட்சத்திரத் தலைக்கு டி6, டி8 அளவு பிட்தான் வழக்கம். கிடைத்த ஆலன் கீயை (அறுகோணச் சாவி) திணித்தால் தலை மழுங்கும், அப்புறம் டிரில்தான் கதி. அலகை மடக்கித் துணி சுற்றி, நேராக அழுத்தித் திருகுங்கள்.

துரு தெரிந்தால் எண்ணெய். துருவே இல்லாத புதுக் கத்திக்குச் சூடு, அதில்தான் பசை இளகும். அந்தப் பசையிடம் எண்ணெயின் பாச்சா பலிக்காது. துருவா பசையா என்று தெரியாமல், கைப்பிடியும் பிளாஸ்டிக்கென்றால் நான் முதலில் எண்ணெயைத்தான் எடுப்பேன்.